நெல் தாளில் உளுந்து: மண்ணைத் திறப்பதும் விதையைத் தூவுவதும் எப்போது?

முன்பே நின்று வளரும் பயிரை அகற்றாமல், அதன் ஊடே அடுத்த விதையைத் தூவி முளைக்கச் செய்வது ஒரு தொழில் நுட்பம். மிதிபட்டு இறுகிய மண்ணைத் திறந்து, வேருக்குக் காற்றுப் புகச் செய்வது மற்றொரு நுட்பம். மேனாடுகளில் வீட்டு முற்றத்துப் புல்தரையைப் புதுப்பிக்க விரும்புவோர் ஆண்டுதோறும் இவ்விரண்டையும் செய்கின்றனர். நம் தாமிரபரணிப் பள்ளத்தாக்கிலோ இவை உணவுக்கும் வருவாய்க்கும் உரிய செயல்களாய், பிசான நெல்லின் தாளுக்குள் நெடுங்காலமாக நடந்து வந்திருக்கின்றன. அறுவடைக்குச் சில நாள் முன்னதாக உளுந்தையோ பாசிப்பயற்றையோ நெல்லுக்குள் தூவி, நெல்லை அறுத்த பின் உழவின்றி, பெரும்பாலும் பாசனமும் இன்றி, இரண்டரை மாதத்தில் ஒரு விளைச்சலை எடுத்துக்கொள்ளும் வழக்கத்தையே இங்குக் குறிப்பிடுகிறோம்.

நெசவாள அங்கத்தினர்களுக்கு இதனை விளக்கப் பல சொற்கள் வேண்டியதில்லை. தறியில் ஓடுகின்ற பாவு தீரும் தறுவாயில், பழைய பாவின் நுனியோடு புதிய பாவின் இழைகளைப் பிணைத்துவிட்டால் தறி நிற்காது; பாவு முற்றும் ஓடி விழுதிலிருந்து நழுவிவிட்டால், ஒவ்வோர் இழையையும் மீண்டும் கோத்தெடுக்க வேண்டும். நிலத்திலும் அப்படியே. நெல் நிற்கும்போதே உளுந்தைப் பிணைத்துவிட வேண்டும். நெல் போய், ஈரமும் போன பின்னர் புதிதாய்த் தொடங்குவதென்றால் உழவு, நீர், கூலி ஆகிய மூன்றும் செலவாகும்.

இவ்வழக்கம் இன்று பல ஊர்களில் குறைந்து வருகிறது. அதன் காரணத்தையும், அதனை மீட்க நம் சங்கங்கள் செய்யக்கூடியதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆறும் பருவமும்

கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்னும் எட்டு அணைக்கட்டுகளாலும், அவற்றினின்று பிரியும் 11 கால்வாய்களாலும் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் 86,107 ஏக்கர் பாசனம் பெறுகிறது. ஆனியில் தொடங்கிப் புரட்டாசியில் முடிவது கார். ஐப்பசி, கார்த்திகையில் நட்டு மாசி, பங்குனியில் அறுப்பது பிசானம். காருக்குத் தென்மேற்குப் பருவ மழையில் மலைமேல் பெய்யும் நீர் ஆதாரம். பிசானத்துக்கு வடகிழக்குப் பருவ மழை ஆதாரம். பிசான அறுவடைக்கும் அடுத்த காருக்கும் இடையே ஏறத்தாழ மூன்று மாதம் நிலம் தரிசாகக் கிடக்கும். அக்காலத்தின் முற்பகுதியில் மண்ணில் எஞ்சியிருக்கும் ஈரமும், இரவில் இறங்கும் பனியுமே உளுந்தின் முதலீடு.

ஆகவே பருவம் என்பது இங்கே மிகக் குறுகியது. தையின் பிற்பகுதியிலிருந்து மாசி நடுப்பகுதி வரை விதைத்தால், செடி பூக்கும்போது கடுங்கோடை தொடங்கியிராது. மாசி கழிந்து விதைத்தால் பங்குனி, சித்திரை வெயிலில் பூவும் பிஞ்சும் உதிரும். மஞ்சள் தேமல் நோயைப் பரப்பும் வெள்ளை ஈயும் அவ்வெயிலில் பெருகும். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற பழமொழியை மானாவாரி உழவர் அறிவர். நஞ்சை உழவர் மாசிப்பட்டத்தை அவ்வாறே தேட வேண்டும்.

தூவும் நாளைக் காண்பது எவ்வாறு?

நாட்காட்டி பருவத்தைக் காட்டும். நாளைக் காட்டுவது மண். நெல் முதிர்ந்து, வயலில் நின்ற நீரை வடித்த பின், மண் மெழுகுப் பதத்திற்கு வரும். வயலுக்குள் இறங்கி நடந்து பார்த்தால் கால் தடம் பதிய வேண்டும். ஆனால் அத்தடத்தில் நீர் ஊறி நிற்கக் கூடாது. நீர் ஊறினால் விதை அழுகும். தடமே பதியாவிட்டால் விதை முளைக்கப் போதிய ஈரம் இல்லை. இப்பதத்தில், கையால் அறுக்கும் வயலாயின், அறுவடைக்கு 5 முதல் 10 நாள் முன்பாக விதைப்பது முறை. அறுப்பவர் வயலில் இறங்கும்போது முளை இரண்டு இலை விட்டிருக்கும். நெல் தாளின் நிழல் அதற்கு முதல் வாரத்தில் குடையாக உதவும்.

விதை அளவிலும் கணக்கு உண்டு. உழுது விதைக்கும் தனிப்பயிருக்கு ஏக்கருக்கு 8 கிலோ உளுந்து போதும். தாளில் தூவுவதற்கு 10 கிலோ வேண்டும். உளுந்தில் நூறு விதையின் எடை ஏறத்தாழ 4 முதல் 5 கிராம். ஏக்கருக்கு 10 கிலோ என்பது சதுர மீட்டருக்கு இரண்டரை கிராம். அதாவது ஐம்பது அறுபது விதை. நமக்கு வேண்டியது சதுர மீட்டருக்கு 33 செடிகள். மிகுதி விதை பறவைக்கும் எறும்புக்கும், தாளின் மேல் தங்கி மண்ணைத் தொடாமல் போவதற்கும் மிதிக்கும் உரியது. இதற்கு மேல் அள்ளித் தூவினால் செடிகள் நெருங்கி ஒன்றோடொன்று ஈரத்துக்குப் போட்டியிடும். இதைவிடக் குறைத்தால் இடைவெளியில் களை ஏறும்.

விதை எதுவாக இருக்க வேண்டும் என்பதும் கவனிக்கத்தக்கது. நெல் தரிசுக்கென ஆடுதுறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆடுதுறை 3 என்னும் உளுந்து 70 முதல் 75 நாளில் முதிர்வது. மஞ்சள் தேமல் நோய் மிகுந்த ஊர்களில், புதுக்கோட்டை மாவட்டம் வம்பன் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வம்பன் 8 போன்ற எதிர்ப்புத் திறன் கொண்ட இரகங்களை நாடலாம். சான்று பெற்ற விதை மூட்டையில் நீல அட்டை தைக்கப்பட்டிருக்கும். அதில் முளைப்புத் திறனும் சோதனை நாளும் குறிக்கப்பட்டிருக்கும். வீட்டு விதையாயின் நூறு விதையை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து எண்ணிப் பார்க்கலாம். 75 முளைத்தால் விதைக்கத் தகுந்தது. தூவுமுன் ரைசோபியம் நுண்ணுயிர் உரத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையின் மேல் படியுமாறு புரட்டி, நிழலில் உலர்த்திக் கொள்வது நலம்.

மண்ணுக்கும் மூச்சு உண்டு

நெல்லுக்கு நாம் சேற்றுழவு செய்கிறோம். சேறு கலக்கக் கலக்க மண்ணின் துளைகள் அடைபட்டு, நீர் கீழே இறங்குவது குறைகிறது. ஆண்டுக்கு இரு போகம், பல தலைமுறை இவ்வாறு கலக்கியதால், கலப்பையின் முனை எட்டும் ஆழத்திற்குக் கீழே ஓர் இறுகிய தட்டு உண்டாகியிருக்கிறது. நெல்லுக்கு இத்தட்டு நண்பன். நீரைத் தாங்கி நிற்கிறது. உளுந்துக்கோ அது தாழிட்ட கதவு. உளுந்தின் ஆணிவேர் ஈரத்தைத் தேடிக் கீழே செல்ல வேண்டும். அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் மண்ணிடைக் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்க வேண்டும். காற்றுப் புகாத மண்ணில் இரண்டும் நடவா.

இதனைக் கண்டறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. விதைத்து முப்பது நாள் கழித்து ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, வேர் முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளிப் பார்க்க. உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் முடிச்சு உழைக்கிறது. வெளிறியோ பச்சை படர்ந்தோ இருந்தால், ஒன்று நுண்ணுயிர் சேரவில்லை, அல்லது வேருக்கு மூச்சு இல்லை.

மண்ணைத் திறக்கும் காலம் எது? ஈரம் மிகுந்திருக்கும்போது திறக்கக் கூடாது. பிசைந்தால் உருண்டையாகி, விரலால் அழுத்தினாலும் உடையாமல் வழுக்கும் மண்ணில் கலப்பை ஓட்டினால், துளை திறப்பதற்குப் பதில் மெழுகினாற்போல் மூடிக்கொள்ளும். காய்ந்த பின் கல்லாகும். உருண்டை உதிர்ந்து பொலபொலக்கும் பதமே உழவின் பதம். இப்பதம் உளுந்து அறுவடைக்குப் பின், சித்திரைக் கோடைமழை ஒன்று பெய்த மறுநாளோ மூன்றாம் நாளோ வாய்க்கும். அப்போது செய்யும் கோடை உழவு, மண்ணைத் திறப்பதோடு களை வேரையும் கூட்டுப்புழுவையும் வெயிலுக்குக் காட்டும். தட்டு மிகவும் இறுகிய வயலில் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை உளிக் கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில் ஓட்டலாம். அது மண்ணைப் புரட்டாமல் கீழ்த்தட்டைக் கீறிவிடும். ஆனால் நீரை எளிதில் உறிஞ்சும் மணற்பாங்கான வயலில் இதைச் செய்தால், அடுத்த காரில் நெல்லுக்கு நீர் நிற்காது. அண்டை வயலுக்கு நல்லது தன் வயலுக்கும் நல்லது என்று எண்ணிவிடலாகாது.

இயந்திரம் வந்த பின்

இனி, வழக்கம் குறைந்ததன் காரணத்துக்கு வருவோம். கையால் அறுத்த காலத்தில் அறுவடை நாளை உழவர் குறித்தார். ஆகவே விதைக்கும் நாளையும் அவரே குறித்தார். இன்று அறுவடை இயந்திரமே பெரும்பாலும் நெல்லை அறுக்கிறது. ஆள் கிடைக்காத காலத்தில் அது வந்ததைக் குறை கூறுவது பொருந்தாது. ஆனால் இயந்திரம் வரும் நாளைக் குறிப்பவர் தரகர். இன்று என்றார் நாலு நாள் கழித்து வருவார். பத்து நாள் என்றார் நாளைக்கே வருவார். பத்து நாள் முன்னதாகத் தூவியவரின் முளை சக்கரத்தில் நசுங்குகிறது. வண்டிக்காகக் காத்திருந்தவரின் ஈரம் போய்விடுகிறது. இரண்டு ஆண்டு இவ்வாறு நட்டப்பட்டவர் மூன்றாம் ஆண்டு விதைப்பதில்லை.

இயந்திரத்தின் பாரம் மண்ணையும் இறுக்குகிறது. டயர் வண்டி தன் பாரத்தைச் சிறு இடத்தில் இறக்குவதால் ஈர வயலில் ஆழமான தடம் விழும். பெல்ட் வண்டி அதே பாரத்தை அகன்ற பரப்பில் பரப்புவதால் தடம் ஆழமில்லை. நெல்லை ஏற்றிச் செல்லும் டிராக்டரும் வயலுக்குள் இறங்கினால், வண்டித்தடம் இருமடங்காகிறது. இவற்றுக்குச் சில பரிகாரங்கள் உண்டு. இயந்திர அறுவடையாயின், முளை வெளிவருமுன் வண்டி கடந்து செல்லுமாறு, அறுவடைக்கு மூன்று நான்கு நாளுக்குள் தூவ வேண்டும். மண்ணுக்குள் இருக்கும் விதை, வெளியே தலைநீட்டிய முளையைவிட மிதியைத் தாங்கும். பெல்ட் வண்டியையே கேட்டுப் பெற வேண்டும். டிராக்டரை வரப்போரத்தில் நிறுத்தி, அறுவடை வண்டி அங்கு வந்து நெல்லைக் கொட்டுமாறு செய்ய வேண்டும். வண்டி வரிசையாக விட்டுச்சென்ற வைக்கோலை இரண்டொரு நாளில் அகற்றாவிட்டால், அதன் அடியில் முளைகள் வெளிறி மடியும்.

பின்னர்ச் செய்ய வேண்டியது சிறிதே. பூக்கத் தொடங்கும்போதும், அதிலிருந்து 15 நாள் கழித்தும், டி.ஏ.பி. கரைசலை இலைமேல் தெளிப்பது நல்ல பலன் தரும். ஏக்கருக்கு 4 கிலோ உரத்தை முதல் நாள் மாலை 20 லிட்டர் நீரில் ஊறவைத்து, மறுநாள் தெளிந்த நீரை மட்டும் இறுத்து, 200 லிட்டராக்கி மாலை வேளையில் தெளிக்க வேண்டும்.

ஒருவர் விதைத்தால் போதாது

இத்தொழிலில் தனி உழவர் தனியாக வெற்றி பெறுதல் அரிது. நெல் அறுத்த வயலில் மாடும் ஆடும் மேய விடுவது ஊர் வழக்கம். பரந்த தரிசின் நடுவே ஒருவர் மட்டும் உளுந்து விதைத்தால், ஊர் மாடு முழுவதற்கும் அதுவே விருந்து. அண்டை வயலில் ஒருவர் கோடை நெல் நட்டு நீர் கட்டினால், கசிவு உளுந்து வயலில் ஏறி வேரை அழுகச் செய்யும். மடை முழுவதும் ஒரே வாரத்தில் விதைத்தாலன்றி இவற்றுக்கு மாற்று இல்லை. கூட்டுறவு என்ற சொல்லின் பொருள் இவ்விடத்தில் கடன் ஏட்டைத் தாண்டி வயலுக்கு வந்துவிடுகிறது.

சங்கங்களின் ஏடுகளைத் தணிக்கை செய்யும்போது நாம் காண்பது ஒன்றுண்டு. ஒரு சங்கத்தில் உளுந்து விதை வந்த தேதி மாசிக் கடைசி. விற்பனை ஏட்டில் சில கிலோவே எழுதப்பட்டு, மற்றவை ஆண்டிறுதி இருப்பில் நின்றன. ‘அங்கத்தினருக்கு ஆர்வமில்லை’ என்று குறிப்பு எழுதப்பட்டிருந்தது. தேதியைப் பார்த்தால் ஆர்வம் யாருக்கு இல்லை என்பது விளங்கும். விதை, பருவத்துக்குப் பதினைந்து நாள் பிந்தினால், அது விதையாக வந்து தானியமாகக் கிடக்கிறது.

ஆகவே மூன்று செயல்களை ஒவ்வொரு சங்கமும் மேற்கொள்ளலாம் என்பது நம் கருத்து. முதலாவது, மார்கழிக் கூட்டத்திலேயே மடைவாரியாக, யார் எவ்வளவு நிலத்தில் உளுந்து விதைப்பார் என்னும் பட்டியலை எழுதி, விதையும் நுண்ணுயிர் உரமும் தை முதல் வாரத்திற்குள் கிடங்கில் இருக்கச் செய்தல். இரண்டாவது, அறுவடை இயந்திரத்தைத் தனித்தனியே அமர்த்தாமல், மடை முழுமைக்கும் சங்கத்தின் பெயரால் ஒரே ஒப்பந்தமாக, நாள் குறித்து அமர்த்துதல். நூறு ஏக்கரைச் சேர்த்துக் கேட்கும்போது, பெல்ட் வண்டி வேண்டும், குறித்த நாளில் வேண்டும் என்று கூறும் வலிமை வருகிறது. மூன்றாவது, விதைத்த நாளிலிருந்து அறுவடை வரை மேய்ச்சல் காவலுக்கு ஓர் ஆளை நியமித்து, ஏக்கர் கணக்கில் கூலியைப் பங்கிடுதல். இம்மூன்றுக்கும் பெருமுதல் தேவையில்லை; தீர்மானப் புத்தகத்தில் மூன்று தேதிகள் தேவை.

கொளுஞ்சியும் அறுகும்

உளுந்துக்கு ஈரம் போதாத மேட்டு வயலில் கொளுஞ்சியை நாடலாம். அதையும் நெல் தாளில் தூவுவது நம் மாவட்டத்தார் அறிந்ததே. கோடையைத் தாங்கும், மாடு விரும்பி மேயாது, காருக்கு முன் மடக்கி உழுதால் நல்ல பசுந்தாள் உரம். விதையின் தோல் கடினமாகையால், மணலோடு சேர்த்து உரலில் இலேசாகக் குத்திச் சிராய்த்துத் தூவ வேண்டும். ஓரிரு ஆண்டு விதைத்து, காய் முற்றி உதிர விட்டால், பின்னர்த் தானே முளைக்கும்.

சங்கக் கட்டடத்தின் முன்னும் பள்ளி முற்றத்திலும் புல்தரை வைத்திருப்போர், இதே முறை அங்கும் செல்லுமா என்று வினவலாம். செல்லும்; ஆனால் மேனாட்டு நூல்களின் மாதக் கணக்கு இங்குச் செல்லாது. குளிர்நாட்டுப் புல்லுக்கு இலையுதிர்காலம் உரிய பருவம். நம் அறுகு வெப்பத்தில் வளரும் இனம். அது வீறுடன் வளரும் காலத்தில்தான் கீறலை ஆற்றிக்கொள்ளும். நம் சமவெளிக்கு ஆவணிப் பிற்பகுதியும் புரட்டாசியும் பொருத்தம். வெப்பமும் இருக்கும், வடகிழக்கு மழையும் பின்தொடரும். முதல் நாள் நீர் பாய்ச்சி, மறுநாள் இரும்புக் கவையை நான்கு விரல் ஆழம் குத்தி அசைத்துத் துளையிட்டு, மணலும் மக்கிய எருவும் கலந்து தூவ வேண்டும். வெறுமையான இடங்களில் வேர் விட்ட அறுகுத் துண்டுகளை ஊன்றுதல், விதை தூவுவதைவிட எளிது. ஐப்பசி, கார்த்திகையில் ஈரத் தரையில் நடமாடாதிருத்தலும் ஒரு பராமரிப்பே.

பிற நாட்டார் அறிந்தது

நிற்கும் நெல்லில் விதைப்பது நமக்கு மட்டும் உரிய வழக்கம் என்று எண்ண வேண்டா. பீகாரிலும் வங்காளத்திலும் ‘பைரா’ என்றும், சத்தீசுகரில் ‘உத்தேரா’ என்றும் இதையே கூறி, மைசூர்ப் பருப்பு, கேசரிப் பருப்பு முதலியவற்றை விதைக்கின்றனர். ஆந்திரத்தில் கிருஷ்ணா, கோதாவரிக் கழிமுகங்களிலும், நம் காவிரிக் கழிமுகத்திலும் உளுந்தே முதன்மை. ஜப்பானில் மசனோபு புகோகா என்பார், நிற்கும் நெல்லின் ஊடே வாற்கோதுமையையும் க்ளோவர் என்னும் தழைப்பயிரையும் தூவி, உழாமலே விளைவித்து, 1975இல் வெளியிட்ட நூலால் உலகப் புகழ் பெற்றார்.

உலகில் பருப்பு வகைகளை மிகுதியாக விளைவிக்கும் நாடு இந்தியா. மிகுதியாக உண்பதும் இந்தியா. ஆகவே பர்மாவிலிருந்து உளுந்தை வரவழைக்கும் நிலையும் நமக்கே. நம் இட்டிலிக்கு வேண்டிய உளுந்து கடல் கடந்து வருகையில், நம் வயல்கள் மூன்று மாதம் வெடித்துக் கிடக்கின்றன. ஒரு ஏக்கரில் 200 கிலோ உளுந்து கிடைத்தாலும், உழவும் நடவும் இல்லாத அவ்வருவாய், கார் சாகுபடிக்குக் கைம்முதலாகும். கடன் வாங்கும் தொகை அந்த அளவுக்குக் குறையும். வேர்முடிச்சு விட்டுச்சென்ற தழைச்சத்தோ கணக்கில் எழுதப்படாத வரவு.

வருகிற மார்கழிக் கூட்டத்தில் உங்கள் சங்கச் செயலரிடம், உளுந்து விதை எந்தத் தேதியில் வரும் என்று ஒவ்வோர் அங்கத்தினரும் கேட்க வேண்டும். விடை தைக்குள் அமைந்தால் வயலுக்குச் சென்று கால் தடத்தைப் பாருங்கள். விடை மாசிக் கடைசி என்றால், அந்தத் தேதியை மாற்றும் வரை கூட்டத்தைக் கலைக்க இசையாதீர்கள்.